குறைந்த விலைப் பழைய கார் வாங்கப் போகிறீர்களா? முன்பணம் கட்டுமுன் லாக் கார்டைக் கேளுங்கள்

சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் ஊபியில் வாங்கிய இரண்டாவது காரைப் பற்றிய பதிவு இது. கணவரின் கார் அவருடைய வேலைக்கே சரியாகப் போய்விடுகிறது. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுச் சாங்கிக்கு வேலைக்குப் போக மனைவிக்கு ஒரு சிறிய கார் தேவைப்பட்டது. தாள்கள் எல்லாவற்றையும் காட்டினார்கள், எழுதவும் சம்மதித்தார்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நடந்தது எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: ஜப்பானிய ஹைபிரிட் ஹேட்ச்பேக், 24,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சிஓஇ (கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்று) இன்னும் 22 மாதம், ஆண்டுத் தேய்மானம் 8,600. 2025 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ஏ வகை சிஓஇ 128,000 வெள்ளியைத் தாண்டிய ஊரில் இந்த விலையைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். விற்பனையாளரும் தமிழர். "அக்கா, இன்னிக்கு புக் பண்ணலன்னா நாளைக்கு வண்டி இருக்காது, நம்ம ஆளுன்னுதான் சொல்றேன்" என்றார். 1,000 வெள்ளி முன்பணம் அப்போதே கைமாறியது. லாக் கார்டு, அதாவது காரின் அதிகாரபூர்வப் பதிவு விவரத் தாள், கையில் கிடைத்தது அதற்குப் பிறகுதான். நடந்த தவறுகள் எல்லாம் இந்த வரிசையிலிருந்து கிளைத்தவை.

முதலில் அந்த 8,600 எப்படி வந்தது என்று பாருங்கள். விலையிலிருந்து, காரைப் பதிவுநீக்கம் செய்யும்போது திரும்ப வரும் பார்ஃப் தொகையைக் கழித்து, மீதியைச் சிஓஇயில் எஞ்சிய மாதங்களால் வகுத்து, 12-ஆல் பெருக்கினால் ஆண்டுத் தேய்மானம். காரின் ஓஎம்வி (இறக்குமதியின்போது மதிப்பிட்ட அடிப்படை விலை) 18,000 வெள்ளி. பத்தாவது ஆண்டில் பாதி திரும்ப வரும் என்று கடைக்காரர் 9,000 வெள்ளியைக் கழித்திருக்கிறார். 15,800-ஐ 22-ஆல் வகுத்து 12-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 8,620.

ஆனால் பார்ஃப் ஓஎம்வியில் பாதி அல்ல. இந்தக் காருக்கு, முதல் பதிவின்போது உண்மையில் கட்டிய ஏஆர்எஃப் (கூடுதல் பதிவுக் கட்டணம்) எவ்வளவோ, அதில்தான் பாதி. அந்தக் காலத்தில் குறைந்த கரியமில வாயு வெளியிடும் கார்களுக்கு அரசு சலுகை கொடுத்தது, அந்தச் சலுகை ஏஆர்எஃபிலேயே கழிக்கப்பட்டது. எவ்வளவு கழித்தாலும் குறைந்தது 5,000 வெள்ளி கட்டியாக வேண்டும் என்பது விதி. இந்தக் காருக்குக் கட்டப்பட்டது அந்த 5,000 மட்டுமே. ஆக, திரும்ப வரப்போவது 2,500. இப்போது கணக்கைத் திருப்பிப் போட்டால் ஆண்டுத் தேய்மானம் 12,160 வெள்ளிக்கு மேல். 22 மாதத்தில் 6,500 வெள்ளி காற்றோடு போகிறது. அந்தக் காலத்து ஹைபிரிட் கார் எதைப் பார்த்தாலும் முதலில் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

லாக் கார்டில் "மினிமம் பார்ஃப் பெனிஃபிட்" என்ற வரியிலேயே இது அச்சாகியிருக்கும். விற்பவர் சிங்பாஸ் (அரசின் மின்னடையாளக் கணக்கு) வழியாக, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் நுழைந்தால் இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தரலாம். "ஓனர் வெளியூர் போயிருக்கார், நாளைக்குத் தரேன்" என்று ஒரு கடை சொன்னால், நாளைக்கே முன்பணம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அதே தாளில் முதல் பதிவுத் தேதி, சிஓஇ முடியும் தேதி, கைமாறிய எண்ணிக்கை, சேஸிஸ் எண், எஞ்சின் எண் எல்லாம் இருக்கும். சேஸிஸ் எண்ணைக் காரில் அடித்திருக்கும் எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள்.

சிஓஇ புதுப்பித்த கார் என்றால் பார்ஃப் கிடையவே கிடையாது. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்ததை மறுபடி புதுப்பிக்க முடியாது. பத்து வயதுக்குப் பிறகு சாலை வரி ஆண்டுக்கு 10% வீதம் ஏறி 50% வரை போகும், ஆய்வும் ஆண்டுதோறும். இதெல்லாம் தெரிந்தே வாங்கினால் குற்றமில்லை.

அடுத்து கடன். விளம்பர விலை "எங்கள் கடனை எடுத்தால் மட்டும்" என்று ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. ரொக்கமாகவோ வேறு வங்கி மூலமாகவோ வாங்கினால் 1,500 கூடுதல். நாணய ஆணையத்தின் விதிப்படி ஓஎம்வி 20,000-க்குள் இருக்கும் காருக்கு விலையில் 70% வரைதான் கடன், அதற்கு மேற்பட்ட காருக்கு 60%. இங்கே 17,360 வெள்ளி கடன், 21 மாதம், வட்டி 3.88%. இது ஃப்ளாட் ரேட். அதாவது, அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடும். உண்மையான வட்டி 7%-க்கு மேல் வருகிறது. கடைக்குக் கமிஷன் வருவது இங்கேதான். விலையில் 500 வெள்ளி குறைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டுக் கடனில் அதைத் திரும்ப எடுத்துவிடலாம். வட்டி விகிதத்தைக் கேட்காதீர்கள். மாதத் தவணை எத்தனை, மொத்தம் எவ்வளவு கட்டுவேன், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

கூடுதல் கடன் வாங்கித் தருவதற்காக விலையை ஏற்றி எழுதி, வித்தியாசத்தைக் கையில் தருகிறேன் என்று எந்தக் கடையாவது சொன்னால் அங்கே நிற்காதீர்கள். பொய்யான தாளில் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும்.

இரண்டாவது கார் வாங்குவோர் கவனிக்கவேண்டிய இன்னொன்று காப்புறுதி. கடைக்காரர் போட்டுக் காட்டிய பிரீமியத்தில் 50% என்சிடி (இழப்பீடு கோராமல் ஓட்டியதற்கான தள்ளுபடி) கழிக்கப்பட்டிருந்தது. அது கணவரின் காருக்கு உரியது. ஒரு என்சிடியை ஒரு நேரத்தில் ஒரே காருக்குத்தான் பயன்படுத்த முடியும். இரண்டாவது கார் அதே பெயரில் இருந்தாலும் சுழியத்திலிருந்துதான் தொடங்கும். உண்மைத் தொகை காட்டியதைப்போல் இரண்டு மடங்கு. வீட்டில் உரிமம் எடுத்து இரண்டு ஆண்டு ஆகாதவர் ஓட்டப் போகிறார் என்றால் விபத்தின்போது நீங்களே ஏற்கவேண்டிய எக்ஸஸ் தொகையும் ஏறும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார்நிறுத்தத்தில் ஒரு வீட்டின் இரண்டாவது காருக்கு மாதக் கட்டணம் கூடுதல் என்பதையும், உங்கள் புளோக்கில் இடம் இருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி காரின் கோளாறு. வாங்கி ஐந்தாவது வாரம், பள்ளி வாசலில் வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது கியர்பாக்ஸ் சூடேறிவிட்டதாக எச்சரிக்கை வந்தது. பிறகு கார் நகர மறுத்தது. அது ஏழு கியர் கொண்ட டிரை டுவல் கிளட்ச். எண்ணெயில் மூழ்காத இரண்டு கிளட்ச் தட்டுகள் காற்றில்தான் ஆறவேண்டும். நடைவேகத்தில் ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டே இருக்கும், சூடு ஏறும், தட்டு தேயும். விரைவுச்சாலையில் நாள் முழுக்க ஓடினால் இந்தப் பெட்டி பல ஆண்டு உழைக்கும். காலையில் பள்ளி, மாலையில் பேரங்காடிக் கார்நிறுத்தச் சரிவு என்று ஓட்டுபவருக்கு இது பொருந்தாது. நகரத்துக்குள் தினமும் ஓட்ட, கிளட்ச் தட்டுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோ கியர் பாதுகாப்பானது. மாஸ்டா 3 ஸ்கைஆக்டிவ், அந்தக் காலத்து ஹூண்டாய் அவான்டே ஆகியவற்றின் ஆறு கியர் பெட்டிகள் அப்படிப்பட்டவை. சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோ) கார்களில் கியர் எண்ணெய் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மெதுவாகப் புறப்படும்போது அதிர்வு இருக்கிறதா என்று கவனியுங்கள்.

கடையில் ஓட்டிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். எப்படித் தெரியும்? ஊபியைச் சுற்றிப் பத்து நிமிடம், அதுவும் நேர்ச் சாலையில். இந்தக் கோளாறு சூடானால்தான் வெளியே வரும். வேறு சில கோளாறுகள் குளிர்ந்த எஞ்சினில் மட்டும்தான் காட்டும். அதனால் போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே காரை ஓடவிட்டிருக்கிறார்கள். வேறொரு நாள் சொல்லாமல் போய் முதல் ஸ்டார்ட்டை நீங்களே செய்யுங்கள். பிறகு குறைந்தது நாற்பது நிமிடம் ஓட்டுங்கள். கடைசியில் ஒரு பலமாடிக் கார்நிறுத்தத்துக்குப் போய் ஏசியை முழுதாக வைத்துச் சரிவில் ஊர்ந்து ஏறுங்கள், பாதியில் நிறுத்தி மறுபடி புறப்படுங்கள். ரிவர்ஸில் மெதுவாக ஏற்றுங்கள். டி கியரிலிருந்து ஆர் (ரிவர்ஸ்) கியருக்கு மாற்றும்போது கார் உதைத்தாலோ, இரண்டு விநாடி யோசித்தாலோ, கருகல் வாடை வந்தாலோ அந்தக் காரை அங்கேயே விட்டுவிடுங்கள். ஹைபிரிட் என்றால் பெரிய பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் பல கார்களில் பின்னிருக்கை ஓரத்தில் இருக்கும். அங்கே தூசி அடைத்திருந்தால் பேட்டரியும் வெந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

மீட்டரில் 96,000 கிலோமீட்டர் காட்டியது. எட்டு வயதுக் காருக்குச் சந்தேகப்படும் எண் இல்லை. ஆனால் ஓட்டுநர் இருக்கையின் வெளிப்பக்க விளிம்பு நைந்து நுரை தெரிந்தது, பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுவென்று இருந்தது, ஸ்டீயரிங்கில் பத்து மணி இடத்தில் தோல் பளபளத்தது. முன், பின் கண்ணாடிகளில் பசைத் தடம். 2017 முதல் தனியார் வாடகைக் கார்களின் இரு கண்ணாடிகளிலும் ஒட்டுவில்லை கட்டாயம் என்பதை நினைத்துப் பாருங்கள். வாடகைக்கு ஓடிய கார் கெட்ட கார் என்று அர்த்தமில்லை. "ஒரே ஓனர், லேடி டிரைவர்" என்று விற்றதுதான் ஏமாற்று. பல கார்களில் மீட்டரைத் தவிர கியர்பாக்ஸ், பிரேக் கணினிகளிலும் தூரம் பதிவாகியிருக்கும். நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் ஒப்பிட்டுச் சொல்வார்கள்.

"இப்போதான் இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆச்சு" என்ற பேச்சை நம்பி நிம்மதி அடையாதீர்கள். அரசு கட்டாயமாக்கிய ஆய்வு பிரேக், புகை, விளக்கு, அடிப்பாகம் போன்றவற்றைப் பார்ப்பது. கியர்பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும் என்பது அதன் வேலை அல்ல. விகோம், எஸ்டிஏ போன்ற நிலையங்களில் வாங்குபவருக்கான தனி மதிப்பீட்டுச் சோதனை உண்டு. சில நூறு வெள்ளிக்குள் முடியும். கடைக்காரர் தன் பட்டறையைத்தான் காட்டுவேன் என்றால் காரணம் கேட்கத் தேவையில்லை.

பழுதுக்குச் சின் மிங் பட்டறை கேட்டது நான்காயிரத்துச் சொச்சம். கடை கொடுத்த ஆறு மாத "எஞ்சின், கியர்பாக்ஸ் உத்தரவாதம்" உதவவில்லை. கிளட்ச் தேய்மானப் பொருள் என்று இரண்டாம் பக்கத்தில் விலக்கியிருந்தார்கள்.

அடுத்து, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம். 2012 செப்டம்பர் முதல் நடப்பிலிருக்கும் இந்தச் சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள், அது நடக்காவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்ப. "இருக்கும் நிலையிலேயே விற்பனை" என்று எழுதிவிட்டால் சட்டம் செல்லாது என்பது பொய். அதேநேரம், வயதுக்கேற்ற சாதாரணத் தேய்மானத்துக்கு இது கைகொடுக்காது.

கடை இதற்கும் ஒரு வழி வைத்திருந்தது. ஒப்பந்தத்தில் "விற்பவர்" என்ற இடத்தில் கடையின் பெயர் இல்லை, ஒரு தனிநபரின் பெயர். கன்சைன்மென்ட் கார் (உரிமையாளர் விற்றுத்தரச் சொல்லிக் கடையில் விட்ட கார்), நாங்கள் இடையாள் மட்டும் என்றார்கள். தனிநபர் தனிநபருக்கு விற்றால் லெமன் சட்டம் வராது. அந்த ஒரு வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் பேரம் பேச உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. கடை சொந்தமாக விற்கும் கார் என்றால் கடையின் பெயரும் யுஇஎன் என்னும் நிறுவனப் பதிவு எண்ணும் அங்கே இருக்கவேண்டும். உண்மையிலேயே கன்சைன்மென்ட் என்றால் பழைய உரிமையாளரின் கடன் பாக்கிக்கு வங்கியின் கடிதத்தைக் கேளுங்கள். அந்தத் தொகையை வங்கிக்கே நேராகச் செலுத்துங்கள். கடை வாங்கிக்கொண்டு கட்டாமல் விட்டால் பணம் போய்விடும், காரும் உங்கள் பெயருக்கு வராது. மீதிப் பணத்தை ஒன்மோட்டரிங்கில் பெயர் மாற்றம் நடக்கும் அதே நேரத்தில் கொடுங்கள், முதல் நாள் வேண்டாம்.

முன்பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், சிறிய தொகையாக, இந்த வரிகளைக் கையால் எழுதவைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்: கடன் கிடைக்காவிட்டால் முழுதும் திரும்ப. நான் தேர்ந்தெடுக்கும் நிலையத்தின் சோதனையில் குறை தெரிந்தால் முழுதும் திரும்ப. மீட்டர் தூரம் இவ்வளவு, பெரிய விபத்து இல்லை, வாடகைக்கு ஓடவில்லை. பிராசஸிங் கட்டணம் உட்பட மொத்த விலை இவ்வளவு. இதை எழுத மறுக்கும் கடை, இவற்றில் எதையோ மறைக்கிறது.

அந்தக் குடும்பம் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்தது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வாட்ஸ்அப் பேச்சையும் அவர்கள் அழிக்காமல் வைத்திருந்தார்கள். "ஒரே ஓனர்" என்று கடையின் எண்ணிலிருந்தே வந்த செய்தி இருந்ததால், இடையாள் என்ற வாதத்தைக் கடையால் கடைசி வரை பிடித்துக்கொள்ள முடியவில்லை. பேச்சுவார்த்தையில் பழுதுச் செலவில் பாதியைக் கடை ஏற்றுக்கொண்டது. பார்ஃப் கணக்கில் போன 6,500 வெள்ளிக்கு எதுவும் கிடைக்கவில்லை. தேய்மானத்தைப் பற்றிய பேச்சு வாய்மொழியாகவும் விளம்பரத்திலும் இருந்ததே தவிர, ஒப்பந்தத்தில் இல்லை என்றது கடை.

சமரசம் ஆகாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும், வக்கீல் தேவையில்லை. விளம்பரம், ஒப்பந்தம், லாக் கார்டு, பட்டறையின் எழுத்து அறிக்கை நான்கும் கையில் இருக்கவேண்டும். அறிக்கை வாங்குமுன் பழுதுபார்த்துவிடாதீர்கள். கழற்றிய கிளட்ச் தட்டைப் பட்டறையில் விட்டுவராமல் தேதி தெரியும்படி படமெடுத்து, பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.