ஏ லெவலா, ஐபி டிப்ளோமாவா?

பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் இரண்டு ஆண்டுப் படிப்புகள் இவை: ஏ லெவல் பிரிட்டிஷ் முறை, ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) சர்வதேசப் பாடத்திட்டம். இஷ்டப்பட்ட பாடத்தை எடுக்கலாம் என்பதற்காகவே பலர் ஏ லெவல் பக்கம் சாய்கிறார்கள். அந்தச் சுதந்திரம் பெரும்பாலும் சேரும் நாளோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் என் கவலை.

ஏ லெவலில் வழக்கமாக மூன்று பாடங்கள். பிடிக்காததை 16 வயதிலேயே கைகழுவலாம். இயற்பியலே உயிர் என்று இருக்கும் பிள்ளை கணிதம், ஃபர்தர் மேத்ஸ் (கூடுதல் உயர்நிலைக் கணிதம்), இயற்பியல் மூன்றையும் ஆழமாகப் படித்துவிட்டுப் போனால் பொறியியல் முதலாண்டுக் கணிதம் மிரட்டாது. ஆனால் உயிரியல், வேதியியல், வரலாறு எடுத்தவருக்கு இரண்டாம் ஆண்டில் பொறியியல் ஆசை வந்தால்? கணிதம் கையில் இல்லை. பட்டப்படிப்புக்குத் தயார்படுத்தும் ஃபவுண்டேஷன் படிப்பில் இன்னொரு வருடம் போகலாம், அவ்வளவுதான்.

ஐபியில் ஆறு பாடங்கள். இரண்டு மொழி, வரலாறு, பொருளாதாரம் போன்ற ஒரு சமூக அறிவியல் பாடம், ஒரு அறிவியல், கணிதம் ஆகியவற்றைத் தவிர்ப்பது கடினம். வழக்கமாக மூன்று பாடங்கள் ஹையர் லெவலில் (ஆழமான நிலை), தலா 240 மணி நேரம்; மற்றவை ஸ்டாண்டர்ட் லெவலில், தலா 150. பார்க்க இறுக்கமாக இருக்கிறது. ஆனால் மனம் மாறினால் கணிதமோ அறிவியலோ ஏற்கெனவே கையில் இருக்கும். ஆரம்ப மாதங்களில் லெவலை மாற்றிக்கொள்ளவும் பல பள்ளிகள் விடுகின்றன.

ஐபியில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு மாணவரும் எழுத வேண்டிய 4,000 சொல் வரையிலான ஆய்வுக் கட்டுரை. கேள்வியை மாணவரே உருவாக்க வேண்டும். முதலில் எழுதும் கேள்வி எப்போதும் அகலமாக இருக்கும். 'போர் பொருளாதாரத்தை எப்படிப் பாதித்தது' என்பதை ஒரு நகரம், ஒரு பத்தாண்டு என்று சுருக்கிச் சுருக்கித்தான் வழிக்குக் கொண்டுவர முடியும். பல்கலைக்கழகத்தில் முதல் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது தடுமாறுகிற இடமே இதுதான்.

சரி, ஐபியின் கெடுபிடியையும் சொல்ல வேண்டும். 45 புள்ளிகளில் தேர்ச்சிக்கு வேண்டிய 24 எடுத்தாலும், அந்தக் கட்டுரையில் கடைசி நிலையான 'E' கிரேடு வந்தால் டிப்ளோமா கிடைக்காது. ஏ லெவலில் ஒரு பாடம் சறுக்கினாலும் மற்ற இரண்டும் தனியாக நிற்கும். ஒரு மொழிப்பாடமே வருடக்கணக்காக வதைக்கும் பிள்ளையை ஐபியில் தள்ளாதீர்கள்.

ஐபி மாணவர்கள் பல்கலைக்கழகத்தில் நன்றாகச் செய்கிறார்கள் என்ற விளம்பரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல இடங்களில் வசதியான பள்ளிகளும் ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும்தான் அந்தப் பக்கம் போகிறார்கள். விளைவில் எவ்வளவு படிப்பால், எவ்வளவு பின்னணியால் என்று பிரிப்பது கடினம்.

துறையை முடிவு செய்தவருக்கு ஏ லெவல், செய்யாதவருக்கு ஐபி என்பேன். எதில் சேர்த்தாலும், பாடத்தை மாற்ற எந்த மாதம் வரை விடுவீர்கள் என்று பள்ளியிடம் முதலிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.