கிழக்கிலிருந்து எச்.ஆருக்கு மாறுகிறவர்கள் எதைப் படிப்பது?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் முப்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் இப்போது மனித வள முகாமைத்துவத்தின் (எச்.ஆர்.) பக்கம் பார்க்கிறார்கள். திட்டம் முடிந்ததும் வேலையும் முடிந்துபோன என்.ஜி.ஓ. கள உத்தியோகத்தர்கள், டியூட்டரி ஆசிரியர்கள், பாசிக்குடா ஹோட்டல்களில் மேற்பார்வையாளராக இருந்தவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான்: இலங்கை நிறுவனமான சி.ஐ.பி.எம்.மின் சான்றிதழா, பிரித்தானிய அமைப்பான சி.ஐ.பி.டி.யின் சான்றிதழா, பல்கலைக்கழகப் பட்டமா?

எந்தச் சான்றிதழ் பெரிது என்று பார்ப்பதைவிட, படித்து முடித்து எங்கே வேலை செய்யப்போகிறீர்கள் என்று பார்ப்பதுதான் முக்கியம்.

ஊரில் இருக்கப்போகிறவர்களுக்கு நான் சி.ஐ.பி.எம்.மைத்தான் சொல்வேன். 1959இல் தொடங்கி, 1976இல் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட இலங்கை நிறுவனம் அது. சான்றிதழ்ப் பாடநெறியில் தொடங்கி பி.க்யூ.எச்.ஆர்.எம். என்ற தொழில்முறைத் தகைமை வரை போகலாம். இங்குள்ள எச்.ஆர். வேலையில் பெரும்பங்கு இலங்கைத் தொழிற்சட்டம் என்பதால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

மாதம் 60,000 ரூபா சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய சம்பளத்தில் 8 வீதம், அதாவது 4,800 ரூபா கழிக்க வேண்டும். முதலாளி தன் பங்காக 12 வீதம், 7,200 ரூபா போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியான ஈ.டி.எஃப்.புக்கு இன்னும் 3 வீதம், 1,800 ரூபா. அதையும் முதலாளிதான் கட்ட வேண்டும், ஊழியரிடம் கழிக்கக் கூடாது. ஓவர்டைம் காசு இந்தக் கணக்கில் சேராது. அதே ஆள் பத்து வருடம் வேலை செய்துவிட்டு விலகினால், 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமென்றால், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் மூன்று லட்சம் ரூபா அவருக்குச் சேர வேண்டும். அதுவும் முப்பது நாளுக்குள். ஐந்து வருடம் முடிக்காதவருக்கு இது கிடையாது. நெல் ஆலையோ ஆடைத் தொழிற்சாலையோ, நேர்முகத் தேர்வில் இந்தக் கணக்கைத் தடுமாறாமல் சொல்பவரை யாரும் எளிதில் விடமாட்டார்கள். கணக்குப் பிழைத்தால் நட்டம் ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு. அதனால்தான் இதில் நான் இவ்வளவு அழுத்தமாக நிற்கிறேன்.

சி.ஐ.பி.எம்.மில் சிரமமும் உண்டு. தலைமையகம் கொழும்பில். வார இறுதி வகுப்புக்காக வெள்ளி இரவு பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்பும் வாழ்க்கை சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சரிவராது. ஒன்லைனில் எந்த அளவுக்குப் படிக்க முடியும் என்பதைப் பதிவு செய்வதற்கு முன்னமே கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

கட்டாருக்கோ துபாய்க்கோ போகும் எண்ணம் இருந்தால் கதை வேறு. அங்கே விளம்பரங்களில் சி.ஐ.பி.டி. என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். 1913இல் தொடங்கிய பிரித்தானிய அமைப்பு அது. 3, 5, 7 என்று மூன்று நிலைகள். எச்.ஆர். வாசமே இல்லாதவருக்கு 3. ஆட்களை வைத்து வேலை வாங்கிப் பழகியவர் நேரே 5க்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம். 7 என்பது பட்டப்பின் தரம். பரீட்சை மண்டபத்தைவிட எழுதிக் கொடுக்கும் ஒப்படைகள்தான் இதில் பிரதானம். நல்ல ஆங்கிலம் வேண்டும். வருடா வருடம் அங்கத்துவப் பணம் பவுணில் கட்ட வேண்டும், ரூபாவில் உழைப்பவருக்கு அது பாரம். இன்னொன்று, பணிக்கொடையும் சேமலாப நிதியும் அந்தப் படிப்பில் சொல்லித்தர மாட்டார்கள். ஐந்தாம் நிலைச் சான்றிதழோடு வந்து கல்முனையில் ஒரு கம்பனியில் உட்கார்ந்தாலும் நம் சட்டத்தைத் தனியாகப் படிக்கத்தான் வேண்டும்.

அமெரிக்க மனித வள அமைப்பான எஸ்.எச்.ஆர்.எம். நடத்தும் பரீட்சையையும் சிலர் கேட்கிறார்கள். அந்தச் சான்றிதழை மூன்று வருடத்துக்கு ஒருமுறை 60 தொழில்மேம்பாட்டுப் புள்ளி சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பப் பரீட்சை எழுத வேண்டும். புதிதாக மாறுகிறவருக்கு இப்போதைக்கு அவசரமில்லை.

பட்டத்துக்கு ஊரை விட்டுப் போகத் தேவையில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், இரண்டிலும் முகாமைத்துவ பீடம் உண்டு. திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையமும் மட்டக்களப்பில் இருக்கிறது. பதவி உயர்வுக்குப் பட்டம் கேட்கும் இடங்களில் வேறு சான்றிதழ் எடுபடாது. ஆனால் வருடக்கணக்காகும். ஏற்கெனவே கலைப் பட்டமோ விஞ்ஞானப் பட்டமோ கையில் உள்ளவர் இன்னொரு முதற்பட்டத்துக்குப் போவது வீண் என்பதுதான் என் எண்ணம். அவர் சி.ஐ.பி.எம். முடித்து, இரண்டு மூன்று வருடம் வேலை பழகி, பிறகு மனித வளத்தில் பட்டப்பின் படிப்புக்குப் போகட்டும்.

எதைத் தெரிவு செய்தாலும், வகுப்பு தொடங்கும் வரை சும்மா இருக்காதீர்கள். தெரிந்த கணக்காளர் ஒருவரிடம் கேட்டு, ஒரு மாதச் சம்பளப் பட்டியலைப் பக்கத்திலிருந்து தயாரித்துப் பாருங்கள். லீவு, நோ-பே (சம்பளமில்லா லீவு), சேமலாப நிதிக் கழிவு எல்லாம் அந்த ஒரு தாளிலேயே இருக்கும்.