வால்வ் போர்ட்டபிள் டிவி: மாடுலேட்டரா, நேரடி வீடியோவா?
மலேசியாவில் 2019 அக்டோபர் 31-உடன் அனலாக் ஒளிபரப்பு முடிந்தது. சுங்கை சிப்புட் லயத்து வீட்டில் கிடந்த வால்வ் செட்டை, அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்களில் ஓடும் டிவியை, பழுது பார்த்தாலும் ஏரியலில் பொரிதான் வரும். டிஜிட்டல் பெட்டி வேண்டும். அதன் ஏவி (படம், சத்தம்) வெளியீட்டைப் பழைய செட்டுக்கு எப்படிக் கொடுப்பது? ஒரு வழி மாடுலேட்டர்: ஏவி சிக்னலை டிவி சேனலாக மாற்றி ஏரியல் சாக்கெட்டில் கொடுக்கும் பெட்டி. இன்னொன்று நேரடி: ஏவி வயரை செட்டுக்குள்ளே வீடியோ வால்வுப் பகுதியிலேயே இணைப்பது.

செலவு
மாடுலேட்டர்: பெட்டியோடு, 75 ஓம் கேபிளை 300 ஓம் ஏரியல் சாக்கெட்டுக்குப் பொருத்தும் பாலன் என்ற சின்ன இணைப்பியும் வேண்டும்.
நேரடி: சிக்னலைப் பெருக்க டிரான்சிஸ்டரும் ரெசிஸ்டரும் சில்லறைக் காசு. செட்டை மெயின் மின்சாரத்திலிருந்து பிரிக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான் கையைக் கடிக்கும்.

ஆபத்து
மாடுலேட்டர்: ஏரியல் சாக்கெட்டின் தடுப்புக் கெப்பாசிட்டர் கசிந்தால் ஷாக். மெயின் பாதுகாப்புக்கென்றே செய்த ஒய் வகையாக மாற்றுங்கள்.
நேரடி: பல செட்டுகளில் சேசிஸே (உள் உலோகச் சட்டம்) 240 வோல்ட் மெயினோடு நேரே இணைந்திருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஏவி வயரைத் தொடவே கூடாது.

படம், சத்தம்
மாடுலேட்டர்: பழைய செட் பெரும்பாலும் விஎச்எஃப் (கீழ் அலைவரிசை) மட்டுமே பிடிக்கும், அதற்கு யுஎச்எஃப் (மேல் அலைவரிசை) மாடுலேட்டர் வீண். படத்துக்கும் சத்தத்துக்குமான அலைவரிசை இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸாக இருக்கட்டும், 4.5 என்றால் படம் வரும், சத்தம் இரையும்.
நேரடி: படம் கூர்மை. ஆனால் 1 வோல்ட் சிக்னல் வீடியோ வால்வுக்குப் போதாது, பெருக்க வேண்டும். துருவம் மாறினால் நெகட்டிவ் படம்.

டியூனர் (சேனல் பிடிக்கும் பகுதி) வேலை செய்தால் மாடுலேட்டரே போதும். செட்டில் ஓட்டை போடவும் வேண்டாம். டியூனர் செத்துப்போய், அதற்கான வால்வும் கிடைக்காதவர்களுக்கு நேரடி வழி.