பிள்ளைகளோடு கோர்த்த மர ஊசல் கடிகாரம்: வாங்கலாமா?

ஆன்லைனில் 1,450 ரூபாய்க்கு வாங்கிய ப்ளைவுட் கிட் இது. லேசரில் வெட்டிய பல்சக்கரங்கள், கம்பி அச்சுகள், நூல், மரை போட்ட ஊசல் தண்டு, அதன் அடியில் ஒரு நட்டு, எல்லாம் பெட்டியில் வந்துவிடும். இழுக்கும் பாரம் மட்டும் நம் பொறுப்பு. நாங்கள் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டினோம். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். கோடை விடுமுறைக்குப் பாளையங்கோட்டை வந்திருந்த பேரனுக்கும் பேத்திக்கும் வாங்கினேன். அவனுக்குப் பதினொரு வயது, அவளுக்கு எட்டு.

வெட்டு சுத்தமாக இருக்கிறது. சில அச்சுத் துளைகள் மட்டும் இறுக்கம். உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்தால் சக்கரம் ஊதினாலே சுற்றும். அந்த அளவுக்கு வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, நங்கூரத்தை, அதாவது ஊசலோடு சேர்ந்து ஆடிச் சக்கரத்தின் பற்களைப் பிடித்து விடும் நங்கூர வடிவத் துண்டை, முன்பக்கமே வைத்திருப்பது. கடிகாரத்தின் உயிர் அதுதான். பாரம் சக்கரங்களை இழுத்துக்கொண்டே இருக்கிறது. நங்கூரம் பிடித்துப் பிடித்து விடுகிறது. ஊசல் ஒருமுறை போய்வந்தால் ஒரு பல் தாண்டும். தாண்டும்போது அந்தப் பல் நங்கூரத்தை லேசாகத் தள்ளிவிடும். அந்தச் சின்னத் தள்ளல்தான் ஊசலை ஓயாமல் ஆட்டுகிறது. பேத்தி ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணினாள். 30 பல், 30 ஆட்டம், ஒரு சுற்று. ஊசல் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளம் என்பதால் ஓர் ஆட்டத்துக்கு ஒரு விநாடி, ஆக ஒரு சுற்றுக்கு அரை நிமிடம். இதை நான் சொல்லவில்லை, அவளே கணக்குப் போட்டாள்.

முதலில் கடிகாரம் ஓடவே இல்லை. டிக் நீளமாகவும் டாக் குட்டையாகவும் கேட்டது. சட்டம் சாய்ந்திருந்தால் இப்படித்தான் ஆகும். சுவரில் மாட்டி, ரசமட்டம் வைத்து நேராக்கி, இரண்டு சத்தமும் சமமாகக் கேட்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினோம். அப்புறம் ஓடியது. ஸ்டூலில் வைத்து ஓட்டலாம் என்று படத்தில் போட்டிருக்கிறார்கள். வேண்டாம். ஸ்டூல் ஆடினால் ஊசலின் பலத்தை அதுவே தின்றுவிடும்.

குறை என்றால் ஊசல் குண்டுதான். பிளாஸ்டிக், கனமே இல்லை. மே மாதத்தில் இங்கே மின்விசிறியை நிறுத்த முடியுமா? அந்தக் காற்றுக்கே ஊசல் தடுமாறி நின்றுவிடுகிறது. ஹார்டுவேர் கடையில் இரும்பு வாஷர்கள் வாங்கித் தண்டில் கோர்த்து நட்டால் தாங்கினோம். பிரச்சினை தீர்ந்தது, நல்ல சோதனையும் ஒன்று கிடைத்தது.

“ஆச்சி, கனம் கூடுனா வேகமா ஆடும்லா?” என்றான் பேரன். எண்ணிப் பார் என்றேன். இன்னும் சில வாஷர்களை மேலே அடுக்கி நூறு ஆட்டம் எண்ணினால், நிஜமாகவே நேரம் கொஞ்சம் குறைந்தது! அவன் குதித்தான். ஆனால் வாஷரை மேலே அடுக்கும்போது குண்டின் நடுப்பகுதியும் மேலே ஏறுகிறது, ஊசலின் நீளம் குறைகிறது. நட்டை இறக்கி நடுப்பகுதியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து திரும்ப எண்ணச் சொன்னேன். பழைய நேரமே வந்தது. கனத்துக்கு இதில் வேலை இல்லை, நீளத்துக்குத்தான் என்று அவன் கையாலேயே கண்டுபிடித்தான். இதற்காகவே கொடுத்த பணம் தகும்.

பிறகு கதவு நிலையில் நூல் கட்டி நீளத்தை மாற்றிப் பார்த்தோம். 50 சென்டிமீட்டருக்கு 2 விநாடி என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். வந்தது 1.4. இரண்டு விநாடிக்கு ஒரு மீட்டர் தேவைப்பட்டது. நேரம் இரண்டு மடங்காக நீளம் நான்கு மடங்காக வேண்டும்.

நேரம் சரிசெய்வது நட்டில். நான்கு மணி நேரத்தில் ஒரு நிமிடம் பின்தங்கியது. இந்த நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் மாறினால் மணிக்கு சுமார் 7 விநாடி மாறும். அதனால் இரண்டு மில்லிமீட்டர் ஏற்றினோம். போனோடு ஒப்பிட்டால் இப்போது ஏறக்குறைய ஒத்துப்போகிறது. நட்டைத் திருகும்போது ஒரு கதை சொன்னேன். 1656இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் ஊசல் கடிகாரம் செய்தபின், 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரத்தைப் பூமத்திய ரேகைக்கு அருகே தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது, ஊசலைக் குட்டையாக்க வேண்டியதாயிற்று. அங்கே ஈர்ப்பு சற்றுக் குறைவு. “அப்ப நம்ம கடிகாரத்தை நிலாவுக்குக் கொண்டு போனா?” என்றாள் பேத்தி. விடையைக் கணக்குப் போடச் சொல்லியிருக்கிறேன்.

கையேடுதான் ஏமாற்றம். கோர்க்கும் படங்கள் மட்டும் இருக்கின்றன. சத்தம் சமமாக வேண்டும் என்றோ, நட்டு எதற்கு என்றோ ஒரு வரி கிடையாது. விஷயம் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இல்லாத வீட்டில், ஓடாத கடிகாரத்தைப் பரணில் போட்டுவிடுவார்கள். நிமிட முள் மட்டுமே உண்டு, மணி முள் இல்லை.

பெட்டியில் 8 வயது முதல் என்று போட்டிருக்கிறது. அச்சில் சக்கரம் செருகும் வேலைக்குப் பத்து வயதாவது வேண்டும். எண்ணவும் அளக்கவும் எட்டு போதும். வாங்கும்போதே உப்புத்தாளும் பத்துப் பன்னிரண்டு வாஷர்களும் சேர்த்து வாங்கிவிடுங்கள். சக்கரத்தின் பல் உடைந்தால் தனியாகக் கிடைக்குமா என்று விற்றவர்களிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.