ஹாக்கி மட்டையை அந்த ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள்

2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை நடந்தபோது, கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொல்லிக் கடலூரில் ஒருவர் பள்ளி மாணவனிடம் 1,500 ரூபாய் வாங்கியிருக்கிறார். பையனின் அப்பா சொன்ன அடையாளங்களைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. 2023இல் என்னை ஏமாற்றியவரும் அவர்தான். அப்போதே வெளியில் சொல்லாமல் இருந்துவிட்டேன். அது தவறு.

இருபது ஆண்டுகளாக ஹாக்கி வீரர்களிடம் நேரில் நின்று கையெழுத்து வாங்கி வருகிறேன். விடியற்காலையில் பஸ் ஏறி, எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்க வாசலில் வெயிலில் காத்திருப்பேன். என் மட்டையில் முதலில் இடம்பெற்றது, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரனின் கையெழுத்து.

2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அதே அரங்கில் நடந்தது. நம் அரியலூர்ப் பிள்ளை கார்த்தி செல்வம் இந்திய அணியில் ஆடினார். ஆனால் அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை ஆன நேரம், என்னால் நகர முடியவில்லை. கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலை நடையில் பழக்கமான அந்த ஏமாற்றுக்காரர், "அரங்கத்துக்குள்ளேயே எனக்கு ஆள் இருக்கிறது சார், மட்டையை மட்டும் கொடுங்கள்" என்றார். செலவுக்கு 4,000 ரூபாயும் கொடுத்தேன். இறுதி ஆட்டத்தில் மலேசியாவை 4-3 என இந்தியா வென்ற நான்காம் நாள், பதினொரு புதிய கையெழுத்துகளோடு மட்டை திரும்பி வந்தது.

மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் உறுத்தியது. வீரர்கள் பேருந்தில் ஏறும் அவசரத்தில், நின்றபடியே போடுவார்கள். மட்டையின் வளைவில் பேனா வழுக்கும், கடைசி எழுத்து இழுபடும். இங்கே பதினொன்றும் மேசைமேல் வைத்து நிதானமாக எழுதியதுபோல், ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இருந்தன. அவற்றில் ஒன்று லலித் உபாத்யாயின் பெயர். அந்தத் தொடருக்கான 18 பேர் அணியில் அவர் இல்லவே இல்லை!

கேட்டபோது, "உள்ளே இருந்த பையன் செய்த வேலை" என்றார். கையெழுத்து போடும்போது எடுத்த படம் ஒன்றாவது காட்டுங்கள் என்றேன். உள்ளே போனை அனுமதிக்கவில்லையாம். அதன்பின் என் அழைப்பை அவர் எடுக்கவேயில்லை.

பணம் போனால் போகட்டும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போலிகளை அழிக்கலாம். ஆனால் அவற்றில் ஒன்று பாஸ்கரனின் கையெழுத்துக்கு ஒரு விரல்கடை தூரத்தில் இருக்கிறது. ஸ்பிரிட் கசிந்தால் அதுவும் கரைந்துவிடும். மட்டையைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், எடுத்துப் பார்க்க மனம் வரவில்லை.

நான் நேரில் கேட்ட எந்த ஹாக்கி வீரரும் இதுவரை ஒரு ரூபாய் கேட்டதில்லை. "உள்ளே ஆள் இருக்கிறது" என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கையெழுத்து உள்ள பொருளை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

அந்த மாணவனின் அப்பாவும் நானும் சேர்ந்து காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போகிறோம். கடலூரிலோ புதுச்சேரியிலோ இவரிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் எங்களோடு வாருங்கள். பணம் அனுப்பியதற்கான பதிவைப் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள்.