அப்பா இன்ஹேலர் பம்ப் இழுப்பதை யாராவது பார்த்தார்களா?

அப்பாவுக்குப் பல வருடங்களாகக் காலை இருமலும் சளியும் உண்டு. மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிடுவார். கேட்டால், "வயசாயிடுச்சுல்ல" என்பார். வழக்கமான கிளினிக்கில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்: டோக்கன், நெபுலைசர், சிரப், அடுத்த ஆள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரிதான் அதை உறுதி செய்யும். பல வருடம் சிகரெட் பிடித்த மனிதரை ஒரு தடவைகூட ஊதச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நான் இருக்கும் நாட்டில் இந்தப் பரிசோதனைக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும். இங்கே அன்றைக்கே உட்கார வைத்தார்கள். டெக்னீஷியன் பெண் அப்பாவின் மூக்கில் கிளிப் மாட்டி, "ஊதுங்கப்பா, இன்னும், இன்னும், விடாதீங்க" என்று தானே ஊதுவதைப் போல முகம் சிவக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் ஊத வைத்தார். அதற்குப் பிறகும் முதல் வினாடியில் வெளிவரும் காற்று, ஊதிய மொத்தக் காற்றில் 70 சதவீதத்தைத் தொடாவிட்டால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். அப்பா தொடவில்லை.

அப்புறம் அந்தப் பெண், "பம்ப் எப்படி இழுப்பீங்க, காட்டுங்கப்பா" என்றார். அப்பாவிடம் ஒரு ஸ்ப்ரேயும், கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் கருவி ஒன்றும் இருந்தன. கேப்ஸ்யூலைப் போட்டு மெதுவாக, பக்குவமாக இழுத்தார். கருவியைத் திறந்தால் பாதிப் பொடி அப்படியே இருக்கிறது! பொடி என்றால் வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். ஸ்ப்ரே என்றால் மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். எதுவானாலும் உள்ளே போனதைப் பத்து வினாடி பிடித்து வைக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த மருந்தென்றால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை வரலாம். அப்பா ஸ்ப்ரேக்கு உரிய முறையில் பொடியை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார், இவ்வளவு காலமாக!

நான் இருக்கும் நாட்டில் செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் நர்ஸ் பம்பைக் கையில் கொடுத்து இழுத்துக் காட்டச் சொல்வார். இங்கே சீட்டு, மருந்துக் கடை, டப்பா, அதோடு சரி. மருந்து வேலை செய்யவில்லை என்று டோஸைக் கூட்டியிருக்கிறார்களே தவிர, மருந்து நெஞ்சுக்குள் போகிறதா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. அந்தப் பெண் பத்தே நிமிடத்தில் பார்த்துவிட்டார்.

மூச்சுத்திணறல் கூடினால், சளி அதிகமானால், நிறம் மாறினால் என்ன செய்வது என்று எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்டேன். வாயால்தான் சொன்னார். இரண்டாவது தடவை கேட்ட பிறகு சீட்டின் பின்பக்கத்தில் தமிழிலேயே எழுதித் தந்தார். ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றியும் நானாகத்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டதும் அங்கேயே போட்டுவிட்டார்கள்.