ஃபியூஸ் கட்டையிலிருந்து ஆர்சிசிபிக்கு: பழைய வீட்டின் மின் பாதுகாப்பு

பழைய வீட்டின் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றிவிட்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் கருவி) ஒன்றும் அதன்கீழ் தனித்தனி எம்சிபிகளும் (மின்னோட்டம் அளவை மீறினால் தானே அணையும் சுவிட்சுகள்) கொண்ட டிபி பெட்டியை, அதாவது மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியைப் பொருத்தினோம். செலவு வீண் இல்லை. ஆனால் மாட்டிய மறுகணமே கவலை தீர்ந்தது என்று கடையில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

எம்சிபி காப்பது ஒயரைத்தான். ஒருவர் உடலில் நூறு மில்லி ஆம்பியர் பாய்ந்தால் உயிர் போகலாம். 16 ஆம்பியர் எம்சிபிக்கோ அது ஒரு பொருட்டே அல்ல. ஃபேஸில் செல்லும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாக இருக்கின்றனவா என்று ஆர்சிசிபி இடைவிடாமல் கவனிக்கிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் அது 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்தாக வேண்டும். எர்த் ஒழுங்காக இருந்தால், கசிவுள்ள கிரைண்டரையோ கீசரையோ யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்சிசிபி ட்ரிப் ஆகிவிடும், அதாவது தானே அணைந்துவிடும். எர்த் இல்லையென்றால், ஒருவர் தொட்ட பிறகுதான் ஆகும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டவரை இந்தக் கருவியால் காப்பாற்ற முடியாது.

கருவியைவிட வேலைதான் எங்களைச் சோதித்தது. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல், ஆர்சிசிபிக்கு முன்னால் உள்ள பொது நியூட்ரலில் கலந்திருந்ததால், ஒரு மின்விசிறியைப் போட்டாலே ஆர்சிசிபி ட்ரிப் ஆனது. பொருத்தியவர் சொன்ன தீர்வு, அந்த லைனை ஆர்சிசிபியைத் தவிர்த்து நேராகக் கொடுத்துவிடலாம் என்பது; பல வீடுகளில் இப்படித்தான் முடிக்கிறார்கள் போலும். ஒப்புக்கொள்ளாமல் வேறொருவரை அழைத்தோம். அவர் நியூட்ரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உரிய நியூட்ரல் இணைப்புக் கட்டையில் சேர்த்த பிறகே தொல்லை நின்றது. மெயின் ஆர்சிசிபி ட்ரிப் ஆனாலும் இன்வெர்ட்டர் நிற்காது என்பதால், அதன் வெளியீட்டுக்குத் தனியாக இன்னோர் ஆர்சிசிபியையும் அவரே பரிந்துரைத்தார். விலை உறுத்தினாலும் அது நியாயமான யோசனை.

தீ விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. ஒயர் தாங்கும் அளவுக்கு ஏற்ற எம்சிபி இருந்தால், அதிகச் சுமையால் ஒயர் சூடேறி உருகுவது தவிர்க்கப்படும். அடிக்கடி விழுகிறதே என்று 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 32 மாட்டினால் அந்தப் பயன் போயிற்று. தளர்ந்த திருகில் உண்டாகும் சூட்டை எம்சிபியும் அறியாது, ஆர்சிசிபியும் அறியாது. ஆகவே பெட்டியை மூடுமுன் எல்லாத் திருகுகளையும் எங்கள் கண்முன்னே இறுக்கச் சொன்னோம்.

வாங்கப் போகிறவர்கள் முகப்பில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்கவும்: 100, 300 மில்லி ஆம்பியர் வகைகளும் அதே தோற்றத்தில் கிடைக்கின்றன; அவை ஷாக்கிலிருந்து ஆளைக் காக்க ஏற்றவை அல்ல. இன்வெர்ட்டர் வகை ஏசி, வாஷிங் மெஷின் உள்ள வீட்டுக்கு, மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணரும் ‘ஏசி டைப்’ ஆர்சிசிபியைவிட, துடிப்பான நேர்மின்னோட்டக் கசிவையும் உணரும் ‘ஏ டைப்’ பொருத்தம்.